கோயிற்பற்றும் பாடசாலை வாங்கும்
யாழ்ப்பாணத்தில் சமய அதிகாரம், அரசு, பொதுக்கல்வி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதிகளைப் பார்ப்போர் ‘கோயிற்பற்று’ என்னும் சொல்லை அடிக்கடி காண்பர். இன்ன ஊரில், இன்ன கோயிற்பற்றில் உள்ள காணி என்பதே உறுதி எழுதும் வழக்கு. சொல்லை மட்டும் நோக்கின், அது சைவக் கோயிலொன்றைச் சார்ந்த நிலப்பிரிவு என எண்ணத் தோன்றும். ஆயின் இங்குக் கோயில் என்பது கிறித்தவ தேவாலயமாகும். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் குடாநாட்டைத் தேவாலயங்களை மையமாகக் கொண்ட பற்றுகளாகப் பிரித்தனர். 1658இல் வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை அகற்றினர், பற்றுகளை அகற்றவில்லை. பின்வந்த ஆங்கிலேயரும் தமது நிருவாகத்தில் அப்பிரிவுகளைத் தொடர்ந்து கையாண்டனர். வழிபாட்டுக்கெனத் தோன்றிய எல்லை, இறை வசூலிப்பதற்கும் காணி பதிவதற்கும் உரிய எல்லையாக நிலைத்துவிட்டது.

சமயத்தையும் அரசையும் பிரித்தல் என்னும் கோட்பாட்டை எம்மவர் பெரும்பாலும் பிரான்சிய, அமெரிக்க வரலாறுகளின் வழியே அறிந்துள்ளனர். பிரான்சில் 1882ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் 1905ஆம் ஆண்டுப் பிரிவினைச் சட்டமும் ஒரே திருச்சபையின் அதிகாரத்தை எதிர்த்து எழுந்தவை. யாழ்ப்பாணத்திலோ நிலைமை வேறு. அந்நிய ஆட்சியாளரின் சமயம் ஒன்று. உள்ளூர் நிலவுடைமையாளரின் சமயம் இன்னொன்று. இரண்டுக்கும் புறத்தே, பள்ளிக்கூட வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு மக்கட் பகுதி. இம்மூன்றனுள் முதலிரண்டுக்கும் இடையே நிகழ்ந்த பிணக்கே எமது வரலாற்று நூல்களிற் பெருமளவில் எழுதப்பட்டுள்ளது. பொதுக்கல்வி உண்மையிற் பொதுவாதல் வேண்டும் என்னும் கோரிக்கை மூன்றாம் பகுதியினரிடமிருந்தே வந்தது என்பதை நாம் இங்கு வற்புறுத்த விரும்புகிறோம்.

ஒல்லாந்தர் காலத்துக் கோயிற்பற்றுப் பாடசாலை, கல்வி நிறுவனம் என்பதிலும் பார்க்க ஆட்சி நிறுவனம் எனலே பொருந்தும். தேவாலயத்தை அடுத்து அமைந்த அப்பாடசாலையின் உபாத்தியாயர் சிறுவர்க்கு வினாவிடையும் செபமும் கற்பித்தார். ஞானஸ்நானம், விவாகம் முதலியவற்றைத் தோம்பில் பதிந்தவரும் அவரே. அப்பதிவின்றி விவாகம் செல்லாது; முதுசொம் கோருவதிற் சிக்கல் எழும்; அரசாங்க உத்தியோகம் கிட்டாது. எனவே வேளாளப் பிரதானிகள் பலர் பெயரளவிற் கிறித்தவராயினர். வீட்டிற் சைவம், தோம்பிற் புரட்டஸ்தாந்தம் என்னும் இந்த இரட்டை வாழ்க்கையை வெறும் போலித்தனம் எனக் கடிந்துரைப்போர் உளர். எம் கருத்தில் அது நிலத்தைக் காக்கும் உபாயம். சமயத்தை அரசு நிலவுரிமையின் திறவுகோலாக்கும்போது, நிலமுடையோர் அத்திறவுகோலைக் கையில் எடுத்துக்கொள்வர். மனம் மாறவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் வற்புறுத்தல் நீங்கிற்று. ஒல்லாந்தர் போனதும் மக்கள் பெருந்தொகையாகச் சைவத்துக்கும் கத்தோலிக்கத்துக்கும் திரும்பியமையை மிசனரிமாரே வருத்தத்தோடு குறித்துள்ளனர். வெறுமையான அவ்விடத்திற்குத்தான் வெஸ்லியன், அமெரிக்கன், சேர்ச் மிசன் சங்கத்தார் வந்தனர். 1816இல் தெல்லிப்பழையிற் பணி தொடங்கிய அமெரிக்க மிசன் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும், 1824இல் உடுவிற் பெண்கள் விடுதிப் பாடசாலையையும் நிறுவிற்று. இங்கு ஒரு வரலாற்று முரணைச் சுட்டலாம். இம்மிசனரிகளை அனுப்பிய சங்கம் மசச்சூசெற்சைச் சேர்ந்தது. அங்குத் திருச்சபைக்கான அரச ஆதரவு 1833இல் சட்டப்படி ஒழிந்தது. தமது நாட்டில் பொதுப்பணம் குருமாருக்குச் செல்லலாகாது என்னும் நியதி நிலைபெற்ற பின்னரும், குடியேற்ற நாடொன்றில் அரசாங்கத்தின் பணத்தைப் பெற்று அவர்கள் பாடசாலை நடத்தினர்.

இலங்கையில் அரசு தன்னைச் சமயத்திலிருந்து விலக்கிக்கொண்ட முறை கவனித்தற்குரியது. 1834இல் அமைந்த பாடசாலை ஆணைக்குழுவில் ஆங்கிலிக்கன் குருமாரே முதன்மை பெற்றிருந்தனர். 1860களில் மோர்கன் குழு ஆராய்ந்து அறிக்கையிட்டதன் பின், 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் தோன்றிற்று. உதவி நன்கொடை முறை ஒழுங்குபடுத்தப்பட்டது. எழுத்து, வாசிப்பு, கணிதம் ஆகியவற்றிற் பிள்ளைகள் பெற்ற பேற்றுக்கு ஏற்பப் பாடசாலைக்குப் பணம் வழங்கப்பட்டது. அங்கு எச்சமயம் கற்பிக்கப்படுகிறது என்பதைத் திணைக்களம் கேட்கவில்லை. 1881இல் ஆங்கிலிக்கன், பிரஸ்பிற்றேரியன் குருமாருக்குக் கொடுத்துவந்த கொடுப்பனவை நிறுத்தவும் அரசாங்கம் முடிவுசெய்தது. ஏட்டளவில் நோக்குமிடத்து இலங்கை அரசு 1881இலேயே திருச்சபையிலிருந்து பிரிந்துவிட்டது. பிரித்தானியாவில் இங்கிலாந்துத் திருச்சபை இன்றளவும் அரச திருச்சபையாகவே உள்ளது. ஆயினும் பிரிந்த அரசு பாடசாலையைத் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. செலவு அரசினது, முகாமை சமயத்தினது என்னும் ஏற்பாட்டைத்தான் அது ‘நடுநிலை’ என அழைத்தது.

இவ்வேற்பாட்டின் உட்பொருளைச் சரியாக விளங்கிக்கொண்டவர் ஆறுமுக நாவலர். அவர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தபோது மிசனரிமாரின் கல்விமுறையை நிராகரிக்கவில்லை. வகுப்புப் பிரிவு, அச்சுப் புத்தகம், வினாவிடை, பிரசங்கம் ஆகிய யாவற்றையும் சைவத்தின் பொருட்டு மேற்கொண்டார். அவரது பாலபாடங்கள் எளிய உரைநடையில் உலகியலறிவையும் சைவ ஒழுக்கத்தையும் ஒருங்கே புகட்டின. 1872இல் வெளிவந்த ‘யாழ்ப்பாணச் சமயநிலை’யில் பாதிரிமாரை மட்டுமன்றிச் சைவக் கோயில் அதிகாரிகளையும் அவர் கண்டித்தார், 1870களின் பஞ்ச காலத்தில் கஞ்சித்தொட்டி நடத்தினார், அரசாங்க அதிபர் துவைனத்தின் நிருவாகத்தைத் தாக்கினார். குடியேற்ற ஆட்சிக்கு எதிரான பண்பாட்டு எழுச்சியில் நாவலரின் பங்கை முற்போக்காளர் குறைத்து மதிப்பிடுதல் தவறு. அத்துடன், அவர் கோரியது பாடசாலையிலிருந்து சமயத்தை விலக்குதல் அன்று, சைவப் பிள்ளைக்குச் சைவப் பாடசாலை என்பதையும் மறைத்தலாகாது. அப்பாடசாலை சாதியாசாரத்தை ஏற்று நடந்தது. சைவப்பிள்ளை என்னும் சொல் அன்று யாரைச் சுட்டிற்று என்பதே கேள்வி.

நாவலர் 1879இல் மறைந்தார். அவர் காட்டிய வழியில் 1888இல் சைவபரிபாலன சபை தோன்றிற்று. 1889இல் ‘இந்து சாதனம்’ வெளிவரத் தொடங்கிற்று. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி சபையின் பொறுப்பில் வந்தது. 1923இல் இந்து போர்டு உருவாயிற்று. நன்கொடை பெறும் பாடசாலைக்குக் கால் மைல் தொலைவுக்குள் இன்னொன்றுக்கு நன்கொடை இல்லை என்னும் விதி முந்திக்கொண்ட மிசன் பாடசாலைகளைக் காத்தது. அதனைச் சைவத் தலைவர்கள் எதிர்த்தது முற்றிலும் நியாயமே. நன்கொடையைச் சைவரும் பெறத் தொடங்கிய பின்னரோ, பெருந்தொகையான ஊர்ப் பாடசாலைகளில் முகாமையாளர் என்னும் புதிய அதிகாரி ஒருவர் நிலைபெற்றார். ஆசிரியரை நியமிப்பவரும் விலக்குபவரும் அவரே. அவர் குருவானவராக இருக்கலாம், ஊர்ப் பெரியவராக இருக்கலாம், அப்புக்காத்தாக இருக்கலாம். சம்பளம் திறைசேரியிலிருந்து வந்தது. ஆசிரியரின் விசுவாசமோ முகாமையாளருக்கு உரியதாயிருந்தது. தேர்தற் காலங்களில் இவ்விசுவாசத்தின் பயனை அனுபவித்தோர் பலர்.

இனி, மனச்சாட்சி வாசகம் எனப்பட்ட சட்ட ஏற்பாட்டை நோக்குவோம். 1870ஆம் ஆண்டு ஆங்கிலக் கல்விச் சட்டத்தில் இடம்பெற்ற இவ்வேற்பாடு, நீண்ட விவாதத்தின் பின் 1920ஆம் ஆண்டு இலங்கைக் கல்விச் சட்டத்திலும் புகுந்தது. பெற்றோர் விரும்பாதவிடத்துப் பிள்ளையை வேறு சமயப் போதனைக்கு உட்படுத்தலாகாது என்பது இதன் சாரம். இது ஒரு முன்னேற்றமே. எனினும், இவ்வாசகம் யாருடைய மனச்சாட்சியைக் கண்டது என ஆராய்தல் வேண்டும். தன் மறுப்பைத் தெரிவிக்கத்தக்க பெற்றோரையே அது கண்டது. முகாமையாளரின் காணியிற் குடியிருப்பவன், அவரது பனையிற் கள் இறக்குபவன், அவரது தோட்டத்திற் கூலி செய்பவன் மறுப்பைத் தெரிவித்துவிட்டு அடுத்தநாள் எங்குச் செல்வான்? மேலும், வினாவிடை படிக்காதிருக்கும் உரிமையை வாசகம் வழங்கியதேயன்றி, வாங்கில் அமரும் உரிமையை வழங்கவில்லை. நளவர், பள்ளர், பறையர் முதலிய சமூகங்களின் பிள்ளைகள் அனுமதிக்கப்பட்ட பாடசாலைகளிலும் நிலத்தில், புறத்தே, தனியே இருத்தப்பட்டனர். சைவப் பாடசாலைகள் மட்டுமே இவ்வாறு நடந்தன எனக் கருதுதல் பிழை. கிறித்தவப் பாடசாலைகளிலும் ஒதுக்கல் இருந்தது. ஆண்டவன் முன்னிலையில் யாவரும் சமம் எனப் போதித்த உபாத்தியாயரே ஒருவனை மண்ணில் இருத்தினார். உயர்சாதிப் பிள்ளைகள் விலகின் நன்கொடை குறையும் என்னும் அச்சம் வேதாகமத்திலும் வலிதாயிருந்தது.

‘சம ஆசனம், சம போசனம்’ என்னும் கோரிக்கை 1920களில் எழுந்த சூழல் இதுவே. 1927இல் தோன்றிய ஒடுக்கப்பட்ட தமிழ் ஊழியர் சங்கம் இதனை அமைப்புரீதியாக முன்வைத்தது. அதில் யோவேல் போல் முதலிய கற்ற கிறித்தவரும் பங்கேற்றனர். மிசன் கல்வி தான் எதிர்பாராத இடத்தில் பயன் தந்தது எனலாம். 1920களின் இறுதியில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டும் எனக் கல்வித் திணைக்களம் பணித்தது. யாழ்ப்பாணத்தில் அரசு தன் பணத்திற்கு ஒரு குடியியல் நிபந்தனையை விதித்த முக்கிய தருணம் இது. எதிர்ப்பு உடனே கிளர்ந்தது. விண்ணப்பங்கள் கொழும்புக்குச் சென்றன. பெற்றோர் தம் பிள்ளைகளை மறித்தனர். சில ஊர்களிற் பள்ளிக் கட்டடங்களே தீக்கிரையாயின. ஓலைக் கொட்டிலுக்குத் தீயிடுதல் எளிது. தீயிட்டோர் தம் செயலைச் சமயாசாரத்தின் பெயராலும் ஊர்வழக்கின் பெயராலும் நியாயப்படுத்தினர்.

இவ்விடத்திற் சற்றுத் தரித்து நோக்குதல் தகும். அரை நூற்றாண்டாக, ‘பொதுப்பணத்தில் நடக்கும் பாடசாலையில் ஒரு சமயத்தின் ஆதிக்கம் ஏன்?’ எனப் பாதிரிமாரைக் கேட்டுவந்தவர்களிற் பலர், அதே பொதுப்பணத்தில் நடக்கும் பாடசாலையில் அரசு தலையிடலாகாது என இப்போது வாதிட்டனர். முதல் வாதத்திற் சமயம் ஒரு மனச்சாட்சி. இரண்டாவதில் ஒரு சொத்து. இம்மாற்றத்தைத் தனிமனிதரின் நேர்மையீனமாகக் கொள்வதிற் பயனில்லை. பனையும் புகையிலையும் தோட்டக் கூலியும் சார்ந்த பொருளாதாரத்தில் அடிமை குடிமை உறவுகள் சட்டத்தால் ஒழிந்த பின்னரும் வழக்கால் நின்றன. எழுத்தறிவு அவ்வுறவைக் குலைக்கும் என்பதை நிலமுடையோர் நன்கு அறிந்திருந்தனர். வாங்கில் இருந்த பிள்ளை நாளை வரம்பில் நில்லான். இதே ஆண்டுகளில் டொனமூர் ஆணைக்குழு பரிந்துரைத்த சர்வசன வாக்குரிமையைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் எதிர்த்தமையும் இதனோடு ஒருங்கு வைத்துப் பார்க்கத்தக்கது.

இதற்கு மாறான குரலும் யாழ்ப்பாணத்தின் நடுத்தர வர்க்கத்திடையே இருந்தது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரசாக வளர்ந்த இயக்கம் சமயவேறுபாடு கடந்தது; தீண்டாமையை எதிர்த்தது; 1927இற் காந்தியடிகளை வரவேற்றது. அதன் முன்னோடியான ஹன்டி பேரின்பநாயகம் கிறித்தவக் குடும்பத்தவர். பிற்காலத்திற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் பணியாற்றினார். கிறித்தவர் ஒருவரை இந்துக் கல்லூரி அதிபராக ஏற்றுக்கொண்ட சமூகம், அதே காலத்தில் சைவனான தொழிலாளியின் மகனைக் கோயிலுக்குள் விடவில்லை. சமயப்பொறை என நாம் பெருமையுடன் கூறிக்கொள்வது பெரும்பாலும் வர்க்கமும் சாதியும் ஒத்தோரிடையே நிலவிய பொறையே என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. வாலிபர் காங்கிரசு 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது, அதன்பின் வலுவிழந்தது.

உள்ளூராட்சியிலும் இதே நிலைமையைக் காண்கிறோம். மணியகாரர், உடையார், விதானையார் ஆகிய தலைமைக்காரர் அதிகாரமும், பின்னர் வந்த கிராமச் சங்கங்களும் ஒரே சமூகப் பகுதியின் கையிலேயே பெரிதும் இருந்தன. கிணறு, ஒழுங்கை, சந்தை, சுடலை ஆகியவை பொதுவுடைமை எனப் பதியப்பட்டிருந்தும் துடக்கு, தீட்டு என்னும் சமயக் கருத்துகளே அவற்றின் உபயோகத்தை வரையறுத்தன. 1944இல் வில்லூன்றி மயானத்தில் தம்மவர் சடலத்தைத் தகனஞ்செய்ய முற்பட்ட ஒடுக்கப்பட்ட மக்களில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் பாடசாலை, கிணறு, தேநீர்க்கடை, வழிபாட்டிடம் ஆகியவற்றை ஒருங்கே கருதியமைக்குக் காரணம், இவை வாழ்க்கையில் ஒருங்கே மூடப்பட்டிருந்தமையே. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நிகழ்ந்தவை சட்டம் மட்டும் போதாது என்பதைக் காட்டின.

பாடசாலைக்கு மீள்வோம். கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆசிரியர் சம்பளம் முழுவதையும் அரசு ஏற்ற பின்னரும் முகாமையாளர் நீடித்தார். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் அம்முறையை முறித்தன. யாழ்ப்பாணத்தில் இந்துக் கல்லூரி, மத்திய கல்லூரி, வேம்படி, ஹாட்லி முதலியன அரசுக்குச் சென்றன. சென் ஜோன்ஸ், சுண்டிக்குளி, யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி முதலியன தனியாராகத் தொடர்ந்தன. இடதுசாரிகள் பாடசாலைக் கையேற்பை ஆதரித்தனர். சிறுபான்மைத் தமிழர் மகாசபை, பிற பாடசாலைகள் மறுத்த பிள்ளைகளுக்காகத் தானே பாடசாலைகளைத் தோற்றுவித்து அவற்றை அரசிடம் ஒப்படைக்கப் போராடிய அமைப்பு. அதன் தலைவர்களுள் ஒருவரான எம். சி. சுப்பிரமணியம் 1970இல் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார். ஆசிரிய நியமனம் முகாமையாளரின் விறாந்தையிலிருந்து திணைக்களத்துக்கு மாறியமை அம்மக்களுக்கு எத்துணைப் பெரிய மாற்றம் என்பதை, இழந்த பாடசாலைகளைப் பற்றி மட்டும் பேசுவோர் உணர்வதில்லை.

அவ்விடத்திலேயே இடதுசாரிகளின் வழுவும் தொடங்கிற்று. பாடசாலையைத் திருச்சபையிடமிருந்து மீட்டோம். எவ்வகை அரசிடம் ஒப்படைத்தோம் என்பதை ஆழ்ந்து கேட்கவில்லை. 1875இல் கோதா வேலைத்திட்டத்தை விமர்சித்த மார்க்ஸ், பாடசாலை மீது திருச்சபைக்கு மட்டுமன்றி அரசாங்கத்துக்கும் செல்வாக்கு இருத்தலாகாது என எச்சரித்திருந்தார். சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு ஒரு சமயத்தவர்க்கு மற்றையோர்க்கில்லாத சலுகை வழங்கும் சட்டத்தைத் தடுத்தது. 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பில் அப்பிரிவு இல்லை; ஆறாம் பிரிவில் பௌத்தத்திற்கு முதன்மையான இடம் வழங்கப்பட்டது. அந்த யாப்பை உருவாக்கும் அமைச்சுப் பொறுப்பில் இருந்தவர் லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா என்பதை நாம் எத்தனை முறை படித்தாலும் கசப்புக் குறைவதில்லை. 1978ஆம் ஆண்டு யாப்பின் ஒன்பதாம் உறுப்புரையும் அதையே தொடர்ந்தது. 1881இற் பிரிந்தது 1972இல் வேறொரு சமயத்தோடு மீண்டும் பிணைந்தது.

தமிழ்ச் சமூகமும் இதற்குப் புறத்தே நிற்கவில்லை. 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, ஒஸ்மானியாக் கல்லூரியின் வகுப்பறைகள் வெறுமையாயின. 2018இல் திருகோணமலை சிறீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா உடையைப் பற்றி எழுந்த பிணக்கு, அரச பாடசாலையொன்று தன் பழைய சமய முகாமையின் ஆசாரத்தை உரிமையாகக் கோரலாமா என்னும் வினாவையே எழுப்பிற்று. அங்கு ஆசாரத்தை முன்வைத்தோர் கையாண்ட சொற்கள், 1930இன் விண்ணப்பதாரர் சொற்களுக்கு வெகுதொலைவில் இல்லை.

இன்று அரச பாடசாலைகளில் சமயம் கட்டாய பாடம். பௌத்தம், சைவநெறி, கத்தோலிக்கம், கிறித்தவம், இஸ்லாம் ஆகியவற்றுக்கான நூல்களை அரசின் கல்வி வெளியீட்டுத் திணைக்களமே அச்சிட்டு இலவசமாக வழங்குகிறது. ஒல்லாந்தர் ஒரு வினாவிடையை வழங்கினர். இக்குடியரசு ஐந்தை வழங்குகிறது. இவ்வைந்தனுள் எதையும் சாராத பெற்றோரின் பிள்ளையும் பாடவேளை வந்ததும் ஏதேனும் ஒரு வகுப்பறைக்குச் சென்று அமர்தல் வேண்டும். அவ்வறைகளில் இப்போது எல்லோர்க்கும் வாங்கு உண்டு.